இஸ்ரேல்–பாலஸ்தீன அமைதிக் குழுக்கள்: வெளிநாட்டில் படிக்கும் நாம் யாரோடு நிற்பது?

#1 கயல்_டப்ளின்

எல்லோருக்கும் வணக்கம். அயர்லாந்தில் முதுகலை படிக்கிறேன். எங்கள் மாணவர் சங்கத்தில் கொஞ்ச நாளாக ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.

2024 மே மாதம் டிரினிட்டி கல்லூரி மாணவர்கள் வளாகத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்ததும், ஆக்கிரமிப்புப் பகுதிகளில் தொழில் செய்யும் இஸ்ரேலிய நிறுவனங்களில் இருந்து முதலீட்டை எடுக்கக் கல்லூரி ஒப்புக்கொண்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு அப்புறம் இந்த ஊரில் எந்த மாணவர் கூட்டமும் பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேசாமல் முடிவதில்லை. இப்போது எங்கள் சங்கத்தில் சிலர் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார்கள். இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் சேர்ந்து நடத்தும் அமைதிக் குழு ஒன்றோடு தொடர்பு வைத்துக்கொள்வது, அவர்களில் இருவரை இணையவழியில் பேச அழைப்பது, கொஞ்சம் நிதி திரட்டிக் கொடுப்பது.

உடனே எதிர்ப்பு கிளம்பிவிட்டது. காசா இடிந்து கிடக்கும்போது ஒரு இஸ்ரேலியரையும் ஒரு பாலஸ்தீனரையும் அருகருகே உட்கார வைத்துப் படம் எடுத்தால் யாருக்கு நன்மை என்று ஜோர்டானிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி கேட்டாள். தீர்மானம் கொண்டுவந்தவர்களிடம் அதற்குப் பதில் இல்லை.

நான் இதில் வாக்களிக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். 1948இல் யார் முதலில் என்ற சண்டைக்கு இந்தத் தளத்திலேயே நிறைய இழைகள் இருக்கின்றன, அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

#2 வைகைக்கரை

மாணவர்கள் மெழுகுவத்தி ஏற்றினால் நெதன்யாகு பயந்துவிடுவாரா, ஹமாஸ் திருந்திவிடுமா? படிக்கப் போன இடத்தில் படியுங்கள். கோபப்படாதீர்கள், உண்மையாகவே கேட்கிறேன். அங்கே "சேர்ந்து நடத்தும் குழு" என்று ஒன்று இருக்கிறதா, இல்லை ஐரோப்பியப் பணத்தில் ஓடும் நாலு பேரா?

#3 பழைய_நூலகர்

இருக்கிறது தம்பி. நாலு பேரைவிட நிறையவே இருக்கிறார்கள். ஆனால் எல்லாக் குழுவும் ஒரே மாதிரி இல்லை. அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் அங்கேதான் தொடங்கும்.

முதலில் பெற்றோர் வட்டம். 1994இல் ஹமாஸ் கடத்திக் கொன்ற ஒரு இளம் சிப்பாயின் தந்தை யிட்சாக் ஃபிராங்கென்தால், 1995இல் தொடங்கியது. உறவினரை இந்த மோதலில் பறிகொடுத்த இரு தரப்புக் குடும்பங்கள்தான் உறுப்பினர்கள், 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள். இதில் சேர யாரும் ஆசைப்படாத சங்கம். ராமி எல்ஹனானின் மகள் ஸ்மதார் பள்ளி மாணவி, 1997 செப்டம்பரில் ஜெருசலேம் பென் யெஹூதா தெருவில் தற்கொலைக் குண்டுவெடிப்பில் இறந்தாள். பஸ்ஸாம் அராமினின் மகள் அபீருக்கு வயது 10. 2007 ஜனவரியில் அனாத்தாவில் பள்ளிக்கு வெளியே எல்லைக் காவல் படையின் ரப்பர் குண்டு தலையில் பட்டு இறந்தாள். சுட்டவர் மேல் கிரிமினல் வழக்கு இல்லை. அரசுதான் பொறுப்பு என்று சிவில் நீதிமன்றம் மட்டும் சொன்னது. இந்த இரண்டு அப்பாக்களும் பல வருடமாகச் சேர்ந்து பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசுகிறார்கள்.

இரண்டாவது, 'அமைதிக்கான போராளிகள்'. 2006இல் வெளியே தெரிய வந்த குழு. ராணுவத்தில் இருந்த இஸ்ரேலியர்களும், ஆயுதம் எடுத்தோ கல்லெறிந்தோ சிறைக்குப் போன பாலஸ்தீனர்களும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். பதின்வயதில் கைதாகி 7 வருடம் சிறையில் இருந்த பஸ்ஸாம் அதை நிறுவியவர்களில் ஒருவர். ராமியின் மகன் எலிக் என்பவரும் அப்படித்தான். கவனியுங்கள், மகள் கொல்லப்படுவதற்கு முன்பே பஸ்ஸாம் அந்தக் குழுவில் இருந்தார், கொல்லப்பட்ட பிறகும் விலகவில்லை.

இந்த இரண்டு அமைப்பும் சேர்ந்து ஒவ்வொரு ஆண்டும் இஸ்ரேலின் நினைவு நாளுக்கு முந்தைய மாலை ஒரு கூட்டு அஞ்சலி நடத்துகின்றன. இறந்த இரு தரப்பினருக்கும் ஒரே மேடை. மேற்குக் கரையிலிருந்து வருகிற பாலஸ்தீனர்களுக்கு நுழைவு அனுமதி மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய் வாங்கிய ஆண்டுகள் உண்டு. 2025 ஏப்ரலில் ரானானா நகரத்தின் ஒரு யூத வழிபாட்டு இல்லத்தில் இதைத் திரையில் பார்க்கக் கூடியவர்களை வலதுசாரிக் கும்பல் தாக்கியது. வந்திருந்தவர்கள் போலீஸ் பாதுகாப்போடு வெளியேற வேண்டியிருந்தது. வைகைக்கரை கேட்டாரே, மெழுகுவத்திக்கு யார் பயப்படுவார்கள் என்று. சிலர் பயப்படத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று, 'குணமடையும் பாதை'. மேற்குக் கரை நோயாளிகளை, 2023 அக்டோபர் வரை காசா நோயாளிகளையும், பெரும்பாலும் குழந்தைகளை, சோதனைச் சாவடியிலிருந்து இஸ்ரேலிய மருத்துவமனைக்குத் தங்கள் சொந்தக் காரில் கூட்டிப்போகும் தன்னார்வலர்கள். தொடங்கியவர் யுவால் ரோத், அவருடைய தம்பியை 1993இல் ஹமாஸ் கொன்றது. இதில் கார் ஓட்டியவர்களில் விவியன் சில்வரும் ஒருவர். கனடாவின் வின்னிபெக்கில் பிறந்தவர், 'அமைதிக்காகப் பெண்கள்' இயக்கத்தை 2014 காசா போருக்குப் பின் தொடங்கிய பெண்களில் ஒருவர். 2023 அக்டோபர் 7 அன்று பெயேரி கிபுட்சில் (கூட்டுப் பண்ணைக் கிராமம்) தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அதற்கு மூன்று நாள் முன்னால், அக்டோபர் 4 அன்று, 'சூரியனின் பெண்கள்' என்ற பாலஸ்தீனப் பெண்கள் அமைப்போடு சேர்ந்து ஜெருசலேமிலும் சாக்கடல் கரையிலும் பெரிய நிகழ்ச்சி நடத்தியிருந்தார்கள்.

மீதியை மற்றவர்கள் எழுதட்டும். நான் எழுதினால் நிறுத்த மாட்டேன்.

#4 ஃபைசல்_கோவை

நூலகர் ஐயா சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. அந்தக் குடும்பங்கள் முன்னால் வாயைத் திறக்க எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் கயல், அந்த ஜோர்டானிய மாணவி கேட்டது குதர்க்கம் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு அனுபவம் இருக்கிறது.

1993இல் இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் போட்ட ஓஸ்லோ ஒப்பந்தம். அதே ஆண்டு அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 'அமைதியின் விதைகள்' கோடை முகாம் தொடங்கியது. இரு தரப்புப் பிள்ளைகளும் ஏரிக்கரையில் ஒன்றாகத் தங்கி, விளையாடி, பேசினார்கள். அதில் அசீல் அஸ்லே என்ற பையன். பாலஸ்தீனன், இஸ்ரேலியக் குடிமகன். 2000 அக்டோபரில் அராபா ஊரில் நடந்த போராட்டத்தில் இஸ்ரேலியப் போலீஸ் சுட்டு இறந்தான். வயது 17. உடம்பில் அந்த முகாமின் பச்சைச் சட்டை. யார் மேலும் வழக்கு நடக்கவில்லை.

ஓஸ்லோ காலத்தில் மேற்குக் கரையில், கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, யூதக் குடியேறிகள் சுமார் 1,10,000 பேர். இப்போது 5 லட்சத்துக்கு மேல். அதாவது பேச்சு முகாம்கள் நடந்துகொண்டே இருந்தன, நிலமும் போய்க்கொண்டே இருந்தது. அதனால்தான் பாலஸ்தீனக் குடிமைச் சமூகத்தில் பெரும்பகுதி 2005இல் இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்லும் இயக்கத்துக்கு வந்தது. ஆக்கிரமிப்பைப் பற்றி வாயைத் திறக்காமல் "நாம் எல்லோரும் மனிதர்கள்" என்று மட்டும் சொல்லும் நிகழ்ச்சிகளை அவர்கள் இயல்பாக்கம் என்று ஒதுக்குகிறார்கள். நடப்பது இரண்டு அண்டை வீட்டார் மனஸ்தாபம் என்பது போலக் காட்டிவிடுகிறதே, அதுதான் சிக்கல். ஒருவர் மற்றவரின் நிலத்தை ராணுவத்தை வைத்து ஆளுகிறார் என்பது மேடையில் காணாமல் போகிறது.

2024 ஜனவரியில் 'ஒன்றாக நிற்கிறோம்' அமைப்பையே புறக்கணிக்கச் சொல்லி அந்த இயக்கத்தின் கல்விப் பிரிவு அறிக்கை விட்டது. அதையும் உங்கள் சங்கத்தில் யாராவது எடுத்துப் போடுவார்கள். தயாராக இருங்கள்.

#5 கயல்_டப்ளின்

எடுத்துப் போட்டார்கள். அந்த அமைப்பைப் பற்றித்தான் நேற்று முழுக்கச் சண்டை. நூலகர் ஐயா, அவர்கள் யார்?

#6 பழைய_நூலகர்

2015இல் தொடங்கிய இயக்கம். இஸ்ரேலுக்குள் இருக்கும் யூதர்களும் பாலஸ்தீனக் குடிமக்களும் உறுப்பினர்கள். அலோன்-லீ கிரீன், ரூலா தாவூத் இருவரும் முன்னால் நிற்பவர்கள். 2024 மே மாதம் தர்கூமியா சோதனைச் சாவடி அருகே காசாவுக்குப் போகும் உணவு லாரிகளை வலதுசாரிகள் மறித்து மூட்டைகளைக் கிழித்துக் கொட்டினார்கள் இல்லையா, அப்போது லாரிகளுக்குக் காவலாக நாள்தோறும் ஆள் அனுப்பி நின்றவர்கள் இவர்கள்தான்.

புறக்கணிக்கச் சொன்ன அறிக்கையின் வாதத்தை ஃபைசல் எழுதட்டும், நியாயமாக எழுதுவார். என் கருத்து, அந்த முடிவு தவறு. இஸ்ரேலுக்குள்ளே அரசியலை மாற்ற ஆள் சேர்க்கிற ஒரே பெரிய கூட்டுக் குழுவை வெளிநாட்டு மாணவர்கள் தள்ளி வைத்தால், உள்ளே இருக்கும் தீவிர வலதுசாரி பென் க்விர் கூட்டத்துக்குத்தான் கொண்டாட்டம்.

#7 ஃபைசல்_கோவை

அவர்கள் வாதம் சுருக்கமாக: அந்த அமைப்பு ஒடுக்குபவரையும் ஒடுக்கப்பட்டவரையும் சம நிலையில் வைத்துப் பேசுகிறது, அகதிகள் திரும்பும் உரிமை போன்ற அடிப்படைக் கோரிக்கைகளில் தெளிவாக நிற்கவில்லை, வெளிநாட்டில் இஸ்ரேலுக்கு நல்ல முகம் கொடுக்கிறது. லாரிகளைக் காத்தது நல்ல காரியம்தான், அதை நானும் சொல்வேன். ஆனால் "ஒரே பெரிய கூட்டுக் குழு" என்பதற்காக விமர்சனம் கூடாது என்றால் எப்படி ஐயா?

#8 நெறியாளர்

ஈழத்தோடு ஒப்பிட்டு எழுதிய மூன்று பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். தடை ஒன்றும் இல்லை, அங்கே தொடருங்கள். இங்கே கயல் கேட்டதற்குப் பதில் வரட்டும்.

#9 யாழினி_பிரேமன்

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். மேடையில் யாரை உட்கார வைப்பது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே நடக்கிற வேலையில் மேடை ரொம்பச் சின்னப் பகுதி.

ஜெர்மனியில் படிக்கும்போது ஒரு இலையுதிர் காலத்தில் நாப்லூசுக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்கு ஆலிவ் அறுவடைக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரை முழுவதும் இதே வேலைதான். 80,000 முதல் 1,00,000 குடும்பங்கள் வரை ஆலிவ் வருமானத்தை நம்பியிருப்பதாக ஐ.நா. கணக்கு சொல்கிறது. மரத்தடியில் தார்ப்பாய் விரிப்பார்கள், சின்ன பிளாஸ்டிக் வாரியால் கிளையைச் சீவினால் காய் மழை மாதிரி விழும். இலையைப் பொறுக்கி எடுத்து மூட்டை கட்டி ஆலைக்கு. நமக்கு அதில் பெரிய உடல் வேலை இல்லை, பாட்டிமார் நம்மைவிட வேகமாகப் பறிப்பார்கள். நம்மைக் கூப்பிடுவது அதற்கு இல்லை.

மரங்கள் குடியேற்றத்துக்கு அருகில் இருந்தால் அங்கே போக ராணுவத்தின் அனுமதி நாள் வேண்டும். அனுமதி இருந்தாலும் குடியேறிகள் வந்து கல்லெறிவது, மூட்டையைப் பறிப்பது, மரத்தை வெட்டுவது எல்லாம் நடக்கும். பாலஸ்தீன விவசாயி திரும்பக் கத்தினால் ராணுவச் சட்டத்தில் கைது. பக்கத்து மலையில் இருக்கும் குடியேறிக்கு இஸ்ரேலின் சாதாரண சிவில் சட்டம். ஒரே மலை, இரண்டு சட்டம். வெளிநாட்டவரும் இஸ்ரேலியர்களும் கேமராவோடு கூட நின்றால் தாக்குகிறவர்கள் கொஞ்சமாவது யோசிப்பார்கள் என்பதுதான் கணக்கு. பாதுகாப்புக்காக உடன் இருத்தல் என்பார்கள். எப்போதும் பலிக்காது. மனித உரிமைகளுக்கான ரபிகள் (யூத மதகுருமார்) அமைப்பை வழிநடத்திய ஆரிக் ஆஷர்மனையே 2015 அறுவடையில் முகமூடி போட்ட ஒருவன் கத்தியோடு துரத்தித் தாக்கினான். படமும் வந்தது. 2023 அக்டோபருக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம்.

அங்கே என்னோடு இஸ்ரேலியர்கள் இருந்தார்கள். டெல் அவிவிலிருந்து விடியற்காலையில் வண்டி பிடித்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ராணுவ சேவையை மறுத்த பையன்கள். யாரும் "உரையாடல்" என்று எதையும் நடத்தவில்லை. மதியம் ரொட்டியும் தக்காளியும் பகிர்ந்து சாப்பிட்டோம், அவ்வளவுதான் பேச்சு. ராணுவ ஜீப் வந்து "மூடப்பட்ட ராணுவப் பகுதி" என்று ஒரு காகிதத்தைக் காட்டியபோது அந்த ஆசிரியைகள்தான் முன்னால் போய் ஹீப்ருவில் வாதாடினார்கள். விவசாயிக்குக் கிடைத்த கூடுதல் நேரத்தில் இன்னும் சில மரம் பறித்து முடித்தோம்.

ஃபைசல் அண்ணா சொல்லும் பேச்சு முகாமும் இதுவும் ஒன்று இல்லை. 'தஆயுஷ்' என்ற கூட்டுக் குழு 2000இலிருந்து தெற்கு ஹெப்ரான் மலைகளில் இதைச் செய்கிறது. அங்குள்ள மசாஃபர் யட்டா ஊர்களை ராணுவம் துப்பாக்கிப் பயிற்சி நிலம் என்று அறிவித்து, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே மக்களை வெளியேற்றத் தடையில்லை என்ற பிறகும் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். பிலின் கிராமம் இன்னொரு உதாரணம். இஸ்ரேல் கட்டும் பிரிப்புச் சுவர் தங்கள் நிலத்தை விழுங்குகிறது என்று 2005இலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊர்க்காரர்கள் ஊர்வலம் போனார்கள். கூடவே இஸ்ரேலியர்களும் எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களும். 2007இல் பாதையை மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, 2011இல்தான் வேலியை நகர்த்தினார்கள். நடுவில் 2009இல் ஊர்க்காரர் பாஸெம் அபு ரஹ்மா மார்பில் கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு இறந்தார். நிலத்தில் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது.

கயல், தீர்மானத்தில் மேடையை எடுத்துவிட்டு வழக்கறிஞர் செலவு, கேமரா, பயணச் செலவு என்று எழுதிப் பாருங்கள். ஜோர்டானியத் தோழி என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்.

#10 வைகைக்கரை

யாழினி, நன்றாக இருந்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு 20 வயசுப் பிள்ளை ஒன்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால்? ரேச்சல் கோரி ஞாபகம் இருக்கிறதா?

#11 யாழினி_பிரேமன்

இருக்கிறது. எவர்கிரீன் கல்லூரி மாணவி, வயது 23, 2003 மார்ச் 16 அன்று ரஃபாவில் வீடு இடிக்க வந்த ராணுவ புல்டோசரின் முன் நின்று இறந்தாள். அடுத்த மாதமே அதே ரஃபாவில், மான்செஸ்டரில் புகைப்படக்கலை படித்துக்கொண்டிருந்த டாம் ஹர்ண்டால் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே சிக்கிய குழந்தைகளை அப்புறப்படுத்தும்போது தலையில் சுடப்பட்டான். 9 மாதம் நினைவில்லாமல் கிடந்து இறந்தான். சுட்ட சிப்பாய்க்கு 8 ஆண்டு சிறை, அதுவும் பெற்றோர் விடாமல் போராடியதால். 2024 செப்டம்பர் 6 அன்று பெய்தா கிராமத்தில் ஐஷெநூர் எஸ்கி எய்கி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் பட்டம் வாங்கியிருந்தாள், 26 வயது.

இதனால்தான் தனியாக யாரும் போகக் கூடாது என்கிறேன். உலகத் தேவாலய மன்றம் 2002இலிருந்து ஒரு உடனிருப்புத் திட்டம் நடத்துகிறது. முறையான பயிற்சி கொடுத்து மூன்று மாதத்துக்கு அனுப்புவார்கள், எதில் தலையிடக் கூடாது என்பதெல்லாம் கறாராக எழுதியிருக்கும். பெத்லகேம் பக்கம் நஹாலின் அருகே நாசர் குடும்பத்தின் 'நாடுகளின் கூடாரம்' பண்ணை இருக்கிறது. 1916இல் தாத்தா வாங்கிய நிலம், பத்திரமும் கையில் உண்டு. ஆனாலும் 1991இலிருந்து நீதிமன்றத்துக்கு அலைகிறார்கள். 2014இல் ராணுவம் பழ மரங்களைப் பிடுங்கிப் போட்டது. அங்கே மாணவர்கள் போய் மரம் நடுவது, கிணறு தூர்வாருவது, கோடை முகாமில் பிள்ளைகளுக்கு உதவுவது போன்ற வேலை செய்யலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. அந்த ஊர்க்காரர் "இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போங்கள்" என்றால் மறுபேச்சு இல்லாமல் போக வேண்டும். நாம் விமானம் ஏறிய பிறகு இரவில் ராணுவம் தட்டப்போவது அவருடைய கதவை. சாகசம் தேடி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களால் தொல்லைதான்.

#12 சுந்தர்_பாஸ்டன்

நம்ம பாஸ்போர்ட்டை யாரும் யோசிக்கவில்லையே.

இஸ்ரேல் 2017இல் நுழைவுச் சட்டத்தைத் திருத்தியது. புறக்கணிப்புக்கு அழைப்பு விட்ட வெளிநாட்டவரை உள்ளே விடாமல் திருப்பலாம், குடியேற்றப் பொருட்களை மட்டும் புறக்கணிக்கச் சொன்னாலும் சேர்த்துத்தான். 2018இல் லாரா அல்காசெம் என்ற அமெரிக்க மாணவி ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் படிக்க விசா வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள். பழைய கல்லூரியில் பாலஸ்தீன ஆதரவு மாணவர் அமைப்பில் இருந்தாள் என்று இரண்டு வாரத்துக்கு மேல் விமான நிலையத்தில் அடைத்து வைத்தார்கள். ஹீப்ரு பல்கலைக்கழகமே அவள் பக்கம் வழக்கில் நின்றது. உச்ச நீதிமன்றம் உள்ளே விடச் சொன்னது.

அமெரிக்காவில் 2025இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ருமெய்சா ஓஸ்துர்க் கல்லூரிப் பத்திரிகையில் ஒரு கட்டுரையில் கூட்டாகக் கையெழுத்திட்டதற்காக முகமூடி அதிகாரிகளால் தெருவில் வைத்துக் கைது செய்யப்பட்டார். ஜார்ஜ்டவுனில் ஆய்வாளராக இருந்த பதர் கான் சூரி நம் நாட்டுக்காரர், அவரையும் பிடித்து இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். இந்த இழைக்கு நெருக்கமானவர் மொஹ்சென் மஹ்தாவி. மேற்குக் கரை அகதி முகாமில் வளர்ந்து கொலம்பியாவில் படித்தவர். இஸ்ரேலிய மாணவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர். குடியுரிமை நேர்காணல் என்று கூப்பிட்டு, ஏப்ரல் 14 அன்று அங்கேயே விலங்கு மாட்டினார்கள். ஏப்ரல் 30 அன்று நீதிபதி விடுவித்தார். யூதர்கள் பலரும் அவருக்காக நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள்.

பேச்சுவார்த்தைக்காரன் என்றால் விட்டுவிடுவார்கள் என்ற நினைப்பு வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த நாட்டு விதியை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். முன்னால் நிற்பதை அந்த நாட்டுக் குடிமக்கள் செய்யட்டும். நாம் பின்னால் நின்று மொழிபெயர்ப்பு, கணக்கு வழக்கு பார்த்தாலும் வேலை நடக்கும்.

#13 கடற்காகம்

நான் நீர்வளப் பொறியியல். அரசியல் பேசத் தெரியாது. கெதூரா கிபுட்சில் அராவா நிறுவனம் என்று 1996இலிருந்து இருக்கிறது. இஸ்ரேலியர், பாலஸ்தீனர், ஜோர்டானியர், கூடவே வெளிநாட்டு மாணவர்கள் ஒரே விடுதியில் தங்கி நீர், சூரிய மின்சாரம், பாலைவன விவசாயம் படிக்கிறார்கள். 'எக்கோபீஸ்' 1994இலிருந்து அம்மான், ரமல்லா, டெல் அவிவ் என்று மூன்று இடத்திலும் அலுவலகம் வைத்து ஜோர்டான் ஆற்றுக்காக வேலை செய்கிறது. காசாவின் கழிவுநீர் கடலில் கலந்தால் அஷ்கெலோன் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை வரைக்கும் பாதிக்கும். தண்ணீருக்குச் சோதனைச் சாவடி கிடையாது. இப்படி ஒரு படிப்புக்குப் போவதும் தவறா ஃபைசல்?

#14 ஃபைசல்_கோவை

தவறு என்று நான் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் போகுமுன் ஒன்று விசாரி. மேற்குக் கரைப் பாலஸ்தீனர் ஒரு கிணறு வெட்டவே இஸ்ரேலிய ராணுவ நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், பெரும்பாலும் கிடைக்காது. அந்த வகுப்பறையில் இதைப் பாடமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் போ. மண்ணின் உவர்ப்பைப் பற்றி மட்டும்தான் பேசலாம் என்றால் வேண்டாம்.

யாழினி எழுதியதைப் படித்த பிறகு என் நிலையைக் கொஞ்சம் தெளிவாகவே வைக்கிறேன். எந்தக் குழுவாக இருந்தாலும் நான் பார்ப்பது, ஆக்கிரமிப்பு முடிய வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறதா, அந்தக் குழுவின் இஸ்ரேலியர்கள் அதற்காக எதையாவது இழக்கிறார்களா. 'அமைதிக்கான போராளிகள்' சொல்கிறார்கள். 2023 டிசம்பரில் தால் மிட்னிக் என்ற 18 வயசுப் பையன் ராணுவத்தில் சேர மறுத்து ராணுவச் சிறைக்குப் போனான், வெளியே விட்டு மறுபடி மறுபடி உள்ளே தள்ளினார்கள். அடுத்து சோஃபியா ஓர். இவர்கள் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு, சொந்த ஊரிலேயே துரோகி என்று பெயர். அவர்களுக்கு ஒரு வெளிநாட்டு மாணவர் சங்கம் சிறைக்குக் கடிதம் எழுதினால் நான் ஏன் எதிர்க்கப்போகிறேன்?

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பல்கலைக்கழக நிர்வாகங்கள் கூட்டு நிகழ்ச்சி ஒன்றை நடத்திக் கைதட்டிவிட்டு முதலீட்டுக் கேள்வியை மூட்டை கட்டிவிடும். கயலின் தீர்மானம் அதற்கு வழி விடக் கூடாது. அது தனி, இது தனி.

#15 பழைய_நூலகர்

'ஒன்றாக நிற்கிறோம்' விஷயத்தில் நமக்கு ஒத்துப்போகாது, போகட்டும். மற்றதில் ஃபைசலோடு நானும் கையெழுத்துப் போடுகிறேன். இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் 2025இல் முதல் கட்டம் தாண்டிய ஒரு மசோதா, வெளிநாட்டு அரசுகள் தன்னார்வ அமைப்புகளுக்குக் கொடுக்கும் நிதிக்கு 80 சதவீத வரி கேட்கிறது. இப்படிப்பட்ட குழுக்களை ஒடுக்குவதற்கே அது. ஐரோப்பிய அரசுகளின் பணத்தை நம்பிப் பழகியவர்களுக்கு இனி மாணவர்கள், தனிமனிதர்கள் தரும் சின்னத் தொகைகளும் வேண்டியிருக்கும்.

காசாவை மறக்க வேண்டாம். கூட்டுக் குழுக்கள் வேலை செய்வது பெரும்பாலும் மேற்குக் கரையிலும் இஸ்ரேலுக்குள்ளேயும்தான். காசா மாணவனுக்கு இன்று பேச்சுத் துணை தேவையில்லை, வகுப்பறை தேவை. இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 2023 அக்டோபரில் குண்டுவீச்சில் போனது, இஸ்ரா பல்கலைக்கழகத்தை 2024 ஜனவரியில் ராணுவம் வெடி வைத்துத் தகர்த்தது. 2025இல் காசா மாணவர்கள் சிலர் உதவித்தொகையில் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் வந்து சேர்ந்தார்கள். கயல், உங்கள் வளாகத்திலேயே இருக்கலாம். தீர்மானம் எழுதுகிறவர்கள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

#16 கயல்_டப்ளின்

கேட்கவில்லை ஐயா. இந்தப் பதிவைப் பார்த்துத்தான் போய்க் கேட்டேன். காசாவிலிருந்து வந்த ஒரு மாணவர் நேரடியாகச் சொன்னார், தான் எந்த இஸ்ரேலியரோடும் மேடை ஏற மாட்டேன், ஏற வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் மகளை இழந்த பஸ்ஸாம் பேச வந்தால் கேட்க வருவேன், அவர் யாரோடு வேண்டுமானாலும் உட்காரட்டும், அது அவர் உரிமை என்றார். அந்த ஜோர்டானிய மாணவி அதற்கும் சம்மதிக்கவில்லை.

தீர்மானத்தை மூன்றாகப் பிரித்துவிட்டோம். முதலீடு பற்றியது தனியாக, முதலிலேயே வாக்கெடுப்புக்கு வரும். இரண்டாவது நிதி: மேற்குக் கரையில் உடனிருப்பு வேலைக்கும் சட்டச் செலவுக்கும் பாதி, காசா மாணவர்களின் படிப்புக்குப் பாதி. மூன்றாவது, கூட்டு அஞ்சலி நிகழ்ச்சியை அடுத்த முறை வளாகத்தில் நேரலையாகக் காட்டுவது, முன்னும் பின்னும் கேள்வி நேரத்தோடு. முதல் இரண்டும் நிறைவேறும் போலிருக்கிறது. மூன்றாவதில் வாக்கு பாதிப் பாதியாகத்தான் நிற்கிறது. நான் ஆதரித்து வாக்களிக்கிறேன். 'ஒன்றாக நிற்கிறோம்' பெயரைத் தீர்மானத்தில் சேர்க்கவில்லை, நூலகர் ஐயா திட்டலாம். சுந்தர் அண்ணா சொன்னபடி, மாணவர் விசாவில் இருப்பவர்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது. ஐரிஷ் மாணவர்களே முன்மொழிகிறார்கள்.

#17 பழைய_நூலகர்

திட்டவில்லை. அடுத்த வருடம் சேருங்கள்.

#18 ஃபைசல்_கோவை

மூன்றாவது நிறைவேறினால், கேள்வி நேரத்தில் எனக்காக ஒன்று கேளுங்கள் கயல். போர் நிறுத்தம் வந்த பிறகு உலகம் மறுபடி வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தால், மேற்குக் கரையில் இந்தக் குழுக்களோடு வேலை செய்யும் பாலஸ்தீனர்களுக்கு, அவர்கள் ஊரிலேயே "இஸ்ரேலியரோடு பழகுகிறவன்" என்ற பேச்சு வருமே, அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? இஸ்ரேலிய உறுப்பினர் பதில் சொல்ல வேண்டாம். பாலஸ்தீன உறுப்பினர்தான் சொல்ல வேண்டும்.

#19 வைகைக்கரை

நேரலை என்றால் இங்கிருந்தும் பார்க்கலாம் இல்லையா? ஆங்கில வசன வரி இருக்குமா? இந்திய நேரம் எத்தனை மணி?

#20 கயல்_டப்ளின்

ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பு இருக்கும் என்று சொன்னார்கள். இஸ்ரேல் நேரம் மாலை என்பதால் உங்களுக்கு இரவு ஆகிவிடும். தேதி ஹீப்ரு நாட்காட்டிப்படி மாறும், ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை எப்போது வேண்டுமானாலும் வரும். உறுதியானதும் இதே இழையில் போடுகிறேன். ஃபைசல் அண்ணா, கேள்வியைக் குறித்துக்கொண்டேன்.